பார்த்தேன் என்ற சொல்

எல்லம்மா முதன்முதலாகத் தைத்த கட்சிக் கொடிக்குக் கறுப்புத் துணி கிடைக்கவில்லை. 1967 தேர்தலுக்கு முந்தைய தை மாதம் அது. பொன்னேரிக் கடைகளில் கறுப்பும் சிவப்பும் தீர்ந்துபோயிருந்தன. கம்பி ஒடிந்த பழைய குடை ஒன்றைப் பிரித்து மேல்பாதிக்கு வைத்தாள். கீழ்ப்பாதிக்குத் தன் சிவப்பு ரவிக்கைத் துணியைப் போட்டுத் தைத்தாள். அவள் கணவன் துலுக்காணமும் அண்ணன் செங்கல்வராயனும் அதைக் கழியில் கட்டித் தங்கள் படகின் முனையில் நட்டார்கள். பனிக்கு மற்றக் கொடிகளெல்லாம் துவண்டு தொங்க, அந்தக் கொடியின் மேல்பாதி மட்டும் விறைப்பாக நின்றது. குடையிலிருந்து வந்ததால் அது நனையாது என்று சொல்லி ஊரே சிரித்தது.

அவர்கள் ஊர் பனைமேட்டுக் குப்பம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. மீன் வரும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு என்றைக்கு யாருக்கு என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். முழு வலை எவனிடமும் தனியாக இருக்காது. நாலைந்து பேர் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து சேர்த்துக் கட்டினால்தான் பாட்டை வளைக்கிற நீளம் வரும். ஆகவே அந்த ஊரில் இருவருக்குள் பேச்சு முறிந்தால் அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வலையிலிருந்து ஒரு துண்டு அவிழ்ந்திருக்கும்.

துலுக்காணத்தின் துண்டும் செங்கல்வராயனின் துண்டும் எல்லம்மாவின் கல்யாணத்திலிருந்தே சேர்ந்து கிடந்தவை. அவர்களோடு பூவராகவன் என்ற பங்காளி ஒருவரும் இருந்தார். அவர் காங்கிரஸ்காரர். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் தோற்ற மறுநாள் மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து அவருடைய துண்டை அவிழ்த்துச் சுருட்டி அவர் வாசலில் வைத்தார்கள். அப்போது காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைதான் சின்னம்.

“இன்னா பூவராகவண்ணே, உன் மாடு ரெண்டும் தண்ணியில வலை இழுக்குமா?” என்றான் துலுக்காணம்.

“இழுக்கும். சாணி கூட போடும். உன் வாயில போடச் சொல்லட்டா?” என்றார் பூவராகவன்.

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எல்லம்மாவும் சிரித்தாள். பூவராகவன் அதன்பின் அந்தக் கூட்டுக்குத் திரும்பவில்லை. கரையோரத்தில் கைவலை வீசிப் பிழைத்தார். அதை அநியாயம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லம்மாவுக்கும் தோன்றவில்லை. ஓர் ஊர் இரண்டாகப் பிரிவதை அது தொடங்கிய இடத்திலேயே கண்டுகொள்வது கடினம். தொடக்கம் பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1972 ஐப்பசியில் கட்சி உடைந்தது. டீக்கடை ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டு இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தார்கள். எல்லம்மா சோறு போட்டாள்.

“கணக்கு கேட்டா வெளிய தள்ளுவாங்களா? இது இன்னா நாயம் மச்சான்?” என்றான் துலுக்காணம்.

“கட்சின்னா கட்டுப்பாடு வேணும் மாப்ள. கணக்கு கேக்கறாராம் கணக்கு. உன் ஊட்டு அரிசிப் பானையில எவ்ளோ கெடக்குதுன்னு சொல்லு பாப்போம்.”

“அரிசிப் பானைய ஏன் இழுக்கிறீங்கோ? அது என்னுது. எந்தக் கட்சியிலயும் சேக்காதீங்கோ,” என்றாள் எல்லம்மா.

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

துலுக்காணம் சினிமாவில் பார்த்த முகத்தின் பின்னால் புதுக் கட்சிக்குப் போனான். செங்கல்வராயன் பழைய கட்சியிலேயே நின்றான். இருவரும் நம்பியது ஒன்றைத்தான். ஒரே மேடைகளின் கீழ் உட்கார்ந்து, ஒரே பேச்சைக் கேட்டு, ஒரே மனிதர் இறந்தபோது மொட்டையடித்துக்கொண்டவர்கள். வேறு ஒன்றை நம்புகிறவனை மனிதன் அறியாதவன் என்று விட்டுவிடுகிறான். தான் நம்புவதையே நம்பிக்கொண்டு வேறு பக்கம் நிற்கிறவனை அவனால் விட முடிவதில்லை. துரோகி என்ற சொல் அவனுக்காகவே இருக்கிறது.

கொள்கையைச் சொல்லி நெடுநாள் சண்டை போட முடியவில்லை, ஏனென்றால் அது இருவருக்கும் பொது. ஆகவே பழைய விஷயங்கள் வெளியே வந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முதல் பந்தியில் இலை போடாதது வந்தது. துலுக்காணத்தின் தாய்க்கு உடம்பு சரியில்லாதபோது செங்கல்வராயன் படகு தர மறுத்தது வந்தது. எல்லம்மாவுக்கே மறந்துபோயிருந்த ஒரு வெள்ளாடு கூட வந்தது.

அவளுக்கு ஒரே கவலைதான். தாய் தகப்பன் இல்லாதவள். பிறந்த வீடென்று அவளுக்கு இருந்தது அண்ணன் ஒருவன். வலை பிரிந்தால் அவன் வருகை நிற்கும் என்று தெரிந்துகொண்டாள். செங்கல்வராயனின் புதுக் கூட்டாளி அருணகிரி நாலு பேரோடு வலையை அவிழ்க்க வந்தபோது குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எய்ந்திரு அக்கா. ஆம்பளைங்க விவகாரம்,” என்றான் அருணகிரி.

“இது நூல் விவகாரம். பாதி நூல் நான் திரிச்சது. போய் உன் பொண்டாட்டி வலையில உக்காரு போ.”

அவன் போய்விட்டான். ஆனால் மறுநாள் அவள் பழவேற்காடு சந்தைக்கு மீன் கொண்டுபோயிருந்த நேரத்தில் வலையை அறுத்தது அருணகிரி அல்ல, அவள் கணவன்தான். அவள் திரும்பி வந்தபோது வலை இரண்டு குவியலாகக் கிடந்தது.

கார்த்திகை மாதத்தில் ஊரில் படகுக்கொரு கொடி நின்றது. இரண்டு கட்சிக்கும் அதே கறுப்பு, அதே சிவப்பு. புதுக் கட்சிக் கொடியின் நடுவில் வெள்ளையாக ஓர் உருவம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஏரியில் கொஞ்சம் தள்ளிப்போனால் அதுவும் தெரியாது. யாருடைய கொடி என்று படகை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். எதிரெதிரே போகும்போது புதுக் கட்சிப் பையன்கள் கொடிக்கழியைப் பிடுங்கி ஆட்டி ஊளையிடுவார்கள். பழைய கட்சிக்காரர்களும் ஆட்டுவார்கள்.

அதற்கு முன் அந்த ஏரியில் கழியில் துணி கட்டி நிமிர்த்திப் பிடிப்பதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. ஆபத்து, வா. எந்தத் துணி, என்ன நிறம் என்பதெல்லாம் கிடையாது. பார்த்தவன் போயே ஆக வேண்டும். அப்பனைக் கொன்றவனே பிடித்தாலும் போக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். கொடிகள் வந்த பிறகு இந்தப் பழக்கம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

துலுக்காணத்துக்குப் புதுக் கூட்டில் வலை முழு நீளம் வரவில்லை. பாடு கிடைக்காத நாட்களில் சின்னப் படகில் தனியாக முகத்துவாரத்துப் பக்கம் தூண்டில் போடப் போனான். மழை பெய்து ஏரி நிறைந்து, தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு பிற்பகல் படகை ஊன்றித் தள்ளும் அவனுடைய தாங்குகழி சேற்றில் சிக்கி முறிந்தது. படகு முகத்துவாரத்துக்குள் போக ஆரம்பித்தது. கைக்கு எட்டிய துணி படகின் முனையில் நின்ற கொடிதான். அதைக் கழியோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

அந்த நேரத்தில் மீன் பிடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரே படகு செங்கல்வராயனுடையது. அதில் அருணகிரியும் இன்னும் இருவரும் இருந்தார்கள்.

துலுக்காணத்தின் உடல் காட்டுப்பள்ளிப் பக்கத்து மணலில் ஒதுங்கியது. படகு கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று மாலை செங்கல்வராயன் வீட்டின் பின்பக்கமாக வந்து எல்லம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் மகள் ரத்னா உள்ளே சுவரோரம் படுத்திருந்தாள்.

“பாத்தேன் எல்லம்மா,” என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

“கொடிய ஆட்டுனாரு. நம்பள வெறுப்பேத்தறாருன்னு நெனச்சிட்டேன். ஆனா ஊளை கீளை ஒண்ணும் இல்ல. இன்னாடா இதுன்னு கழிய ஊனித் திருப்பப் போனேன். அருணகிரி, ‘இன்னா, மாப்ள கொடிக்கு சலாம் போடப் போறியா?’ன்னான். எல்லாம் சிரிச்சாங்கோ.”

“நீ?”

“நானும் சிரிச்சேன்.”

“எவ்ளோ நேரம் ஆட்டுனாரு?”

“நாங்க திட்டு மறைவுல திரும்பற வரைக்கும்.”

“அப்பறம்?”

“அப்பறம் நான் திரும்பிப் பாக்கல.”

அவன் போகாமல் இருந்தது மாப்பிள்ளையை வெறுத்ததால் அல்ல என்பது எல்லம்மாவுக்குப் புரிந்தது. வெறுப்பு இருந்திருந்தால் கூட அந்தக் கழியை ஊன்றியவன் படகைத் திருப்பியிருப்பான். எதிர்ப்பக்கத்தானிடம் இருந்த பகையை விடத் தன் பக்கத்தானின் சிரிப்பின் மேல் இருந்த பயம் பெரியதாக இருந்தது. கட்சி கட்டி நிற்கிற மனிதர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் எதிரே உள்ளவர்களை முறைப்பது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொருவனின் கண்ணும் பக்கத்தில் நிற்பவன் மேல்தான் இருக்கும்.

“ஊர்க் கூட்டத்துல கேப்பாங்கோண்ணா,” என்றாள் கடைசியில். “என்னாண்ட சொன்னத அப்படியே சொல்லிடு. ஒரு வார்த்த மாத்தாத. நீ தப்பா நெனச்சிட்ட. அத்த நான் தாங்கிக்குவேன். நீ எனக்கு வேணும்.”

“சொல்றேன்மா,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கூட்டத்துக்கு முன்பு இரண்டு பக்கமும் வேலை செய்தன. புதுக் கட்சிக்காரர்கள் ஏற்கெனவே பிணத்தின் மேல் கொடி போர்த்தியிருந்தார்கள். இப்போது எல்லம்மாவிடம் வந்து, உன் அண்ணன் உன் புருஷனை ஒழித்துக்கட்டுவேன் என்று முன்பே சொன்னதாக நீ சொல்ல வேண்டும் என்றார்கள்.

“அவர் அப்படி சொல்லலியே.”

“சொன்னாருன்னு சொல்லும்மா. போனவருக்கு ஒரு மருவாதி வேணாமா?”

“போனவருக்குப் பொய்யா மருவாதி?”

அன்றிலிருந்து அவள் அவர்களுக்கு அண்ணன் கட்சி ஆனாள். செங்கல்வராயனிடம் அவன் ஆட்கள் சொன்னது என்னவென்று அவளுக்குக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

அம்மன் கோயில் எதிரில் ஊர்ப் பெரியதனக்காரர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் வயது வரிசையில் உட்காருவது வழக்கம்.

“செங்கல்வராயா, அம்மன் எதுர சொல்லு. அந்நேரம் அந்தப் பக்கம் வந்தது உன் படகு ஒண்ணுதான். துலுக்காணம் துணி கிணி தூக்குனத நீ பாத்தியா?” என்று கேட்டார் தணிகாசலம்.

செங்கல்வராயன் எழுந்தான். எல்லம்மா பெண்களோடு நின்று அவன் வாயையே பார்த்தாள்.

“இல்ல. நான் பாக்கல.”

எதிர்ப்பக்கம் கூச்சல் எழுந்தது. அருணகிரி எழுந்து, “அந்தாளு சாராயம் குடிச்சிட்டுப் போயிருப்பாரு. அதுக்கு நாங்க இன்னா பண்றது?” என்றான். துலுக்காணம் குடிக்காதவன். ஊருக்கே தெரியும். தணிகாசலம் செங்கல்வராயனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, தெரியாது என்றா என்று சொல்ல முடியாத ஆட்டல். எல்லம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. கூட்டம் முடியுமுன் அவள் ரத்னாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இனி ஆபத்துக்கு வெள்ளைத் துணிதான் கட்ட வேண்டும் என்று தணிகாசலம் ஒரு தீர்ப்புச் சொல்லிப் பார்த்தார். புதுக் கொடியில் வெள்ளை இருக்கிறது என்று பழைய கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் என்றார். அது பழைய கட்சிச் சின்னமான சூரியனின் நிறம் என்றது புதுக் கட்சி. பச்சை என்றார். அது காங்கிரஸ் கொடியில் இருப்பதாக இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னது. அவ்வளவு காலத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். கடைசியில் பனையோலை என்று முடிவானது. ஓலைக்குக் கட்சி இல்லை. அதன்பின் பனைமேட்டுப் படகுகள் எல்லாவற்றிலும் ஒரு காய்ந்த ஓலைக்கொத்து கிடந்தது.

எல்லம்மா கணவனின் வலைத்துண்டை யாருக்கும் சேர்த்துக்கட்டக் கொடுக்கவில்லை. கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிக்குப் போய் அங்கிருந்து ரயிலேறிக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து விற்றாள். பொங்கலுக்குப் பொங்கல் செங்கல்வராயன் கரும்பும் பானையும் புடவையும் கொண்டுவந்து அவள் இல்லாத நேரத்தில் வாசலில் வைத்துவிட்டுப் போவான். புடவையை ரத்னா உடுத்தினாள். எல்லம்மா தடுக்கவில்லை. உடுத்திப் பார்க்கவும் இல்லை. அவனை எதிரில் கண்டால் தலையைக் குனிந்து கடந்தாள். கோபமென்று ஊரில் சொன்னார்கள். அது கோபமல்ல. தன்னிடம் பார்த்தேன் என்று சொல்லி அழுதவன் ஒருவன், கூட்டத்தில் எழுந்து நின்றவன் இன்னொருவன். முதலாமவன் திரும்பி வருவானா என்று அவள் காத்திருந்தாள்.

1976 ஆவணியில் ரத்னாவுக்குக் கல்யாணம் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறையில் வேலை. தாய்மாமன் பெண்ணைக் கைப்பிடித்து மணையில் உட்காரவைத்து நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் தாலி. எல்லம்மா அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

“உள்ள வாம்மா,” என்றான் செங்கல்வராயன்.

“நிக்கறேன். ரத்னாவுக்குப் பட்டம் நீதான் கட்டணும். கட்டறதுக்கு முன்ன ஊர் எதுர ஒரு வார்த்த சொல்லணும். பாத்தேன்னு. வேற ஒண்ணும் வேணாம்.”

“வரேன்மா,” என்றான் அவன்.

அவன் சொல்லிவிடுவான் என்று நம்ப அவளுக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு தையில் அவன் கட்சியின் ஆட்சி கலைந்து, பெரிய தலைகளெல்லாம் சிறையில் இருந்தன. அவனுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவர்கள் கரை வேட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அருணகிரி ஒருபடி மேலே போய்ப் புதுக் கட்சியிலேயே சேர்ந்திருந்தான். துலுக்காணத்தின் நினைவு நாளுக்கு மாலை போடுவது இப்போது அவன்தான். செங்கல்வராயனின் தோளைப் பிடித்து உட்காரவைக்க யாரும் மிச்சமில்லை.

பந்தலில் மறுபடியும் ஊர் இரண்டாக உட்கார்ந்திருந்தது. செங்கல்வராயன் தட்டோடு எழுந்தான். தட்டில் புடவை, பழம், வெற்றிலை, அதன் மேல் நூல் கோத்த தங்கப்பட்டம். விதவை என்பதால் எல்லம்மா பந்தலுக்குள் வராமல் கதவோரம் நின்றாள். பேச்சு அடங்கியது.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தான். “எங்க மாப்ள துலுக்காணம்...”

அவன் கண்கள் கூட்டத்தைச் சுற்றி வந்தன. அருணகிரி எதிர்வரிசையில் புதுக்கரைத் துண்டை மடியில் மடித்து வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பூவராகவன் தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நான்கு ஆண்டுகளாக அந்தப் பொய்க்காகச் செங்கல்வராயன் சண்டை போட்டிருந்தான், உதை வாங்கியிருந்தான், சிலரோடு பேச்சை முறித்திருந்தான். சொல்லிக்கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். அது மட்டும் அவனிடம் தங்கிவிட்டது. இப்போது அதைக் கழற்றினால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

“மாப்ள இருந்து பாத்திருக்கணும் இத்த,” என்றான். “சீர் கொண்டாந்திருக்கேன். குறை இருந்தா பொறுத்துக்கணும்.”

மேளம் அடிக்கத் தொடங்கியது. யாரோ “மாமன் நல்லா சொன்னாரு” என்றார்கள்.

எல்லம்மா கதவோரத்திலிருந்து பந்தலுக்குள் வந்தாள். அவள் வரக்கூடாது என்று சொல்லப் பெண்கள் வாயெடுப்பதற்குள் அண்ணன் முன்னால் போய் நின்றுவிட்டாள். தட்டிலிருந்து பட்டத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“இத்த எடுத்துக்கினு போண்ணா,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. மேளச் சத்தத்தில் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

ரத்னாவின் நெற்றியில் பட்டமில்லாமலே தாலி ஏறியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் படகேறி அக்கரை போன பிறகு எல்லம்மா கரையில் நின்றாள். கொஞ்சம் தள்ளி செங்கல்வராயன் தன் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. வலை போடும் நேரமல்ல. ஏரியின் நடுவில் போய்க் கழியை மேலே எடுத்துப் படகில் கிடத்திவிட்டு உட்கார்ந்தான். படகு அசையாமல் நின்றது.

அவள் கண்மேல் கைவைத்துப் பார்த்தாள். கரையில் பூவராகவனின் படகு கட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் வருவார். ஓலை மேலே எழுந்தால் போய்விட அவள் தயாராக இருந்தாள். வெயில் இறங்குகிறவரை நின்றாள். அந்தப் படகிலிருந்து ஓலை எழவில்லை.